ஏழு திருகாணித் தாழ்ப்பாள்

பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். கதை எழுதும் துணிவு எனக்கு இதற்கு முன் வந்ததில்லை. இதைச் சொல்லாமல் வைத்திருக்க இயலாததாலேயே எழுதுகிறேன். பிழை இருப்பின் அது முழுவதும் என்னுடையது.

திருமணமான நான்காம் நாள் பிற்பகலில் அவள் தங்கள் மாடியறையைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது, துடைப்பத்தில் ஒரு திருகாணி சிக்கி, தரையில் உருண்டு, கட்டில் காலில் இடித்து நின்றது. குனிந்து எடுத்தாள். சுட்டது. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய பாத்திரத்தைத் தொட்டதுபோல் விரல் நுனி சிவந்தது. அறைக்கதவின் உட்புறத் தாழ்ப்பாளில் ஏழு திருகாணிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஆறுதான் இருந்தன. வெறுமையாய்க் கிடந்த துளையிலிருந்து, மறதியாக இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்ட துணியின் வாடை மெல்லக் கசிந்துகொண்டிருந்தது.

திறவோன் நெறியைப் பின்பற்றும் குடும்பங்களில், மணமக்களின் அறைக்கதவுக்குத் திருமண நாள்வரை தாழ்ப்பாள் வைப்பதில்லை. அவ்விருவரும் யாருக்கு மிகப்பெரிய தீங்கு செய்தார்களோ அவரைத் தேடிச் சென்று, மன்னிப்புக் கேட்டு, அழைத்து வர வேண்டும். அவர் இறந்துவிட்டிருந்தால் அவரைப் பெற்றவர் வரலாம். வந்தவர் தம் கையால் ஏழு திருகாணிகளை முடுக்கித் தாழ்ப்பாளைப் பொருத்தினால், அந்த அறைக்குள் எந்தக் கேடும் நுழையாது என்பது நம்பிக்கை. இதற்குத் தாழ்ப்பேறு என்று பெயர்.

இவர்கள் அழைத்து வந்தது தெரிந்த போட்டோக்காரர் ஒருவரை. அவருடைய ஸ்கூட்டரை ஒருமுறை இரவல் வாங்கிப் போய், இருவரும் சேர்ந்து மதிலில் மோதியிருந்தார்கள்.

"ஸ்கூட்டரை நெளிச்சதுக்கே ஏழு ஸ்க்ரூ முடுக்க விடுறீங்க. இன்னும் ரெண்டு இடி இடிச்சிருந்தா கதவையே எழுதிக் குடுத்திருப்பீங்க போல!" என்றார் போட்டோக்காரர். கூடமே சிரித்தது. சடங்கை நடத்திய பூசாரி மட்டும் சிரிக்கவில்லை.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. இவரைவிட மனசு நொந்தவங்க வேற யாரும் இல்லையே? உரியவங்களை விட்டுட்டு வேற ஆள் முடுக்கினா, உரியவங்க வந்து கழட்டிடுவாங்க. கழட்டினதைச் சும்மா கையில வச்சிருக்க மாட்டாங்க."

"யாரும் இல்லைங்க ஐயா."

குரல் தடுமாறவே இல்லை. ஏழு மாதங்களுக்கு முன் விசாரணை அதிகாரியிடமும் அதே குரலில்தான் பேசினாள். மணமக்கள் இருவரும் வேலை பார்த்த தையற்கூடத்தில், பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கும் பெண் ஒருத்தியை எல்லோரும் சிட்டு என்பார்கள். தாமதமாக வந்தாள் என்று சிட்டுவைத் துணிக்கிடங்குக்குள் தள்ளி வெளியே தாழிட்டவர், அங்கே மேற்பார்வையாளராக இருந்த இவளுடைய கணவர். அன்றுதான் தீப்பிடித்தது. தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் வேலையிலிருந்த இவள், கிடங்குக் கதவை ஒட்டியே படிக்கட்டை நோக்கி ஓடினாள். உள்ளிருந்து மூன்று தட்டு. ஓர் இடைவெளி. மறுபடி மூன்று.

"அக்கா! நீங்கதானே அது? உங்க செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும்க்கா!"

அவளுடைய இடது செருப்பு கீச்சிடும். ஒரு கணம் நின்றாள். தாழ்ப்பாள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. புகை தொண்டையைப் பிடித்தது. தன் உயிர் பெரிதாயிற்று. கீச்சு, கீச்சு என்று படியிறங்கிவிட்டாள். சிட்டு வெளியே வரவில்லை. "கதவு திறந்துதான் இருந்ததுங்க," என்றாள் விசாரணையில். தாழிட்டவருடைய வேலை தப்பியது. கல்யாணமும் கூடியது.

ஐந்தாம் நாள் மூன்று திருகாணிகள் விழுந்தன. ஆறாம் நாள் இரண்டு. கணவர் முடுக்க முடுக்க, அவர் கை எடுத்ததும் அவை எதிர்ப்புறமாகச் சுழன்று வெளியே வந்தன.

"என்னங்க, சிட்டோட அம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்துடலாம்க. கால்ல விழுந்தாவது..."

"பைத்தியமா உனக்கு? போய் என்னன்னு சொல்லுவ? ரெண்டு பேரும் ஜெயிலுக்குத்தான் போகணும். மரம் ஈரம்டி, ஸ்க்ரூ நிக்கல. அவ்ளோதான்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவாசல்வரை போனாள். அங்கேயே வெகுநேரம் நின்றாள். பிறகு கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

ஏழாம் நாள் விடுமுறை. மதிய உணவுக்குப் பின் மாடியறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் படுத்தார்கள். ஜன்னல் கம்பிகளின் நிழல் சுவரில் சோம்பலாக நகர, மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனக, பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவும் ஓசை தேய்ந்து தேய்ந்து அடங்க, அவள் கண்ணயர்ந்தாள். விழித்தபோது அறை முழுதும் இஸ்திரி வாடை. கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாளைக் காணோம். ஏழு துளைகள் மட்டும்.

வெளிப்பக்கம் ஏதோ மரத்துக்குள் ஏறியது. கிர்ர்ர். நிதானமாக. அவசரமே இல்லாத கை. அவள் எண்ணினாள். ஐந்து. ஆறு.

ஏழு.

தாழ் விழுந்தது.

கணவர் துள்ளி எழுந்தார். இழுத்தார். தோளால் இடித்தார். "எவன்டா வெளியில? திறடா!" கதவடியில் புகை. மெத்தையின் ஓரம் சிவந்தது. இருமினார். பிறகு இருமலும் இல்லை.

அவள் தட்டினாள். மூன்று. மறுபடி மூன்று.

வெளியே காலடி.

கீச்சு. கீச்சு.

இடது காலில் மட்டும்.

"சிட்டு! நீதானேம்மா? அக்காடி! அக்கா கூப்பிடுறேன், திறந்துடும்மா!"

கதவருகே நின்றது. ஒரு கணம்.

பிறகு நடந்தது. கீச்சு. கீச்சு. படியிறங்கியது.

இழப்பின் விவரம் இது: கட்டில் ஒன்று. மெத்தை ஒன்று. மின்விசிறி ஒன்று. உயிர் இரண்டு. மற்ற அறைகளில் ஒரு திரைச்சீலைகூடக் கருகவில்லை. தாழ்ப்பாளும் ஏழு திருகாணிகளும் கதவின் வெளிப்புறத்தில் உறுதியாக இருந்தன. தெருவாசலில் கழற்றி வைத்திருந்த ஒரு ஜோடிச் செருப்பைக் காணவில்லை.