ராசி கெட்ட ஏழாம் நம்பர்

டிர்ர்ர்ர்... டிர்ர்ர்ர்...!

பட்டறை போன் அலறியபோது ஃபோர்மேன் அக்கா ஒரு பிக்கப்பின் அடியில் மல்லாந்து கிடந்தாள். கையில் ஸ்பானர். பல்லுக்கிடையில் ஒரு நட்டு.

"யாராவது எடுங்கப்பா!"

யாரும் எடுக்கவில்லை. முப்பது பேர் வேலை செய்கிற இடம். ஒரு கை கூட போன் பக்கம் நீளவில்லை. ஒரு வாரமாக அந்தப் போனில் நல்ல சேதி வந்ததாகச் சரித்திரமே இல்லை!

அவளே உருண்டு வெளியே வந்தாள். நட்டைத் துப்பினாள். எடுத்தாள்.

"மூணாவது தடவையும் போச்சு!"

எல்லை முகாமிலிருந்து ஒரு கரகரத்த குரல்.

"மரத்தடியில மறைச்சு நிறுத்தியிருந்தோம். முழுசா ஒரு மணி நேரம் கூட ஆகல. குண்டு நேரா வந்து விழுந்துச்சு! நாலு வண்டி காலி. டிரைவருங்க ரெண்டு பேர்..."



"எந்த வண்டிங்க சார்?"

"எல்லாம் உங்க பட்டறை வண்டிதான்!"

டொக்!

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அது ஒரு விசித்திரமான பட்டறை. நேற்று வரை சிமெண்டு மூட்டையும் ஆட்டுக்குட்டியும் ஏற்றிய பிக்கப்புகள் அங்கே வரும். ஊர்க்காரர்களிடமிருந்து ராணுவம் வாங்கியவை. பளபளப்பைச் சுரண்டி மண்கலர் அடிப்பார்கள். பாரம் தாங்க ஸ்பிரிங் பட்டை கூட்டுவார்கள். பின்னால் துப்பாக்கி நிற்க ஒரு இரும்புத் தூண். மூன்றே நாளில் சாது வண்டி சண்டை வண்டியாகிவிடும்!

அந்த வண்டிகள் எங்கே ஒளிந்தாலும் எதிரிக்குத் தெரிந்துவிடுகிறது.

யார் காட்டிக்கொடுப்பது?

மேஜர் கண்டுபிடித்துவிட்டார். அதாவது, கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார். வண்டிக்குள் யாரோ உளவுக் கருவி வைக்கிறார்கள். வயரிங் வேலை செய்வது யார்? அக்காவின் தம்பி. பிடி அவனை!

நேற்று மாலை அழைத்துப்போனார்கள். இன்று மாலை ஐந்து மணிக்கு ராணுவக் கோர்ட். துரோகக் கேஸில் அங்கே போனவன் நடந்து திரும்பியதில்லை.

மணி பதினொன்றரை.

அக்கா ஓடினாள்.

*

"சார், தம்பி நேத்திலேர்ந்து உங்க ரூம்லதான் இருக்கான். அப்புறம் மூணாவது அடி எப்படி சார் விழுந்துச்சு?"

மேஜர் நிமிரக்கூட இல்லை. "கருவியை முன்னாடியே வச்சிருப்பான்."

"எங்க வச்சானாம்?"

"அதை மட்டும் சொல்ல மாட்டேங்கிறான்! அழுத்தக்காரன்!"

"வச்சாத்தானே சார் சொல்லுவான்!"

"இதோ பாரும்மா." மேஜர் ஒரு தாளை ஆட்டினார். "ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கான்."

அக்கா திரும்பினாள். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் தம்பி. கண் ரெண்டும் கோவைப்பழம்.

"ஏன்டா போட்ட?"

"போட்டா தூங்க விடறோம்னாங்கக்கா..."

"அட மடச்சாம்பிராணி! தூங்கறதுக்கு உயிரையா எழுதிக் குடுப்ப?"

"ரெண்டு வரி கூட படிக்கல. கண்ணு சொக்கிடுச்சு."

"தூங்கினியா?"

"இல்லக்கா. கையெழுத்து சரியில்லன்னு மறுபடி எழுப்பிட்டாங்க."

அக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. ஆத்திரம் ஜெயித்தது. மேஜர் பக்கம் திரும்பினாள்.

"சார், புது மாடல் வண்டிங்கள்ல கம்பெனிக்காரனே ஒரு பெட்டி வச்சிருப்பான். வண்டி எங்க நிக்குதுன்னு ஓனர் போனுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். அதைக் கழட்டணும்னு ஆபீஸுக்கு மூணு லெட்டர் எழுதினேன்!"

"பதில் வந்ததா?"

"வந்துச்சு சார். கம்பெனி பாகத்தைக் கழட்டினா வாரன்டி போயிடுமாம்!"

"ரூல் அப்படித்தானே?"

"பின்னாடி துப்பாக்கியே ஏத்தியாச்சு. இனிமே எவன் சார் ஃப்ரீ சர்வீஸுக்குக் கூப்பிடப் போறான்?"

மேஜர் சிரிக்கவில்லை. அவருக்கு அந்த வழக்கம் கிடையாது.

"உன் தம்பி ரெண்டு வண்டியில அந்தப் பெட்டியைக் கழட்டினான். ஞாபகம் இருக்கா? மெமோ கூட குடுத்தோம். ராணுவ வண்டியில கை வச்ச ஆசாமின்னு அதுவும் ஒரு சாட்சி."

"நல்லதுக்குக் கழட்டினான் சார்!"

"கோர்ட்ல சொல்லச் சொல்லு. அஞ்சு மணிக்கு."

செவிடன் காதில் சங்கு ஊதலாம். ஆனால் அந்தச் செவிடன் கையில் தம்பியின் உயிர் இருந்தால்?

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

*

மணி இரண்டரை.

கண்ணாடி நொறுங்கிய ஒரு பிக்கப் நொண்டியபடி பட்டறைக்குள் நுழைந்தது. கதவில் பெரிதாக 7. எல்லையிலிருந்து திரும்பிய ஒரே வண்டி! இறங்கிய டிரைவரை எல்லோரும் 'ராசி' என்றுதான் கூப்பிடுவார்கள். கிண்டலுக்கு.

"மூணு தடவையும் நான் அங்க இருந்தேன்க்கா! ஓரமா நிறுத்தற பழக்கம். மூணு தடவையும் தப்பிச்சேன். இப்ப என் பக்கத்துல ஒரு பய உட்கார மாட்டேங்கறான்!"

"மூணு தடவையுமா?"

"ஆமாக்கா. மத்த வண்டியெல்லாம் மாறி மாறித்தான் வந்துச்சு. இந்த ராசி கெட்ட ஏழாம் நம்பர் மட்டும்..."

அக்கா அதற்கு மேல் கேட்கவில்லை. வண்டிக்குள் பாய்ந்தாள். எல்லைக்குக் கூடப் போன மற்றதெல்லாம் பத்து வருஷத்துப் பழசு. இது மட்டும் புத்தம் புது மாடல். யாரோ ஒரு மகராசன் மனசார அள்ளிக் கொடுத்திருக்கிறான்!

டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டாள். மூடியைப் பெயர்த்தாள்.

கறுப்புப் பெட்டி. பச்சை விளக்கு.

மினுக்... மினுக்... மினுக்...

"அடப்பாவி! நீதானாடா?"

பேசுவது இதுதான். கேட்பது யார்? பழைய ஓனர் பெயர் ஆபீஸ் ரிஜிஸ்டரில் இருக்கும். ஓடினாள்.

"ஏழாம் நம்பர் யாரு குடுத்தது? சீக்கிரம் பார்த்துச் சொல்லுங்க!"

கிளார்க் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தார். "விண்ணப்பம் குடும்மா. மூணு நாள் ஆகும்."

"மூணு நாளா? தம்பிக்கு மூணு மணி நேரம் கூட இல்லங்க!"

"அவசரம்னு சிவப்பு மையில எழுது. ரெண்டு நாள்ல முடிச்சுடலாம். மேஜர் கையெழுத்து வேணும்."

"அந்தாளு கையெழுத்துப் போட்டா நான் ஏங்க இங்க வந்து நிக்கப் போறேன்!"

"என்கிட்ட கத்தி என்ன பிரயோஜனம்? நான் வெறும் கிளார்க்."

அந்த நகவெட்டியைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசினாள் அக்கா. பிரயோஜனம் ஒன்றுமில்லை. ஆனால் நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

*

மணி நாலு ஐம்பது.

வாசலில் கோர்ட் வேன் வந்து நின்றுவிட்டது. தம்பியைக் கைவிலங்கோடு இழுத்து வந்தார்கள். மேஜர் பின்னாலேயே நடந்தார்.

அக்கா குறுக்கே போய் நின்றாள். கையில் பெரிய சுத்தியல்.

"ஏய்! என்னம்மா இது?"

"அஞ்சே நிமிஷம் சார். இந்த ஏழாம் நம்பர் பேசும். கேட்டுட்டுப் போங்க. பேசலேன்னா என்னையும் சேர்த்து ஏத்திடுங்க!"

"பைத்தியமா உனக்கு?"

"இருந்த புத்தியெல்லாம் லெட்டர் எழுதியே தீர்ந்து போச்சு சார்! பூட்டின வண்டியை யாராவது உடைச்சா, ஓனர் போனுக்குச் சேதி போகும். போச்சுன்னா அவன் பதறிக்கிட்டு இங்க யாருக்காவது போன் பண்ணுவான். யாருன்னு தெரிஞ்சுடும்."

அவர் வாயைத் திறப்பதற்குள் சுத்தியல் கதவில் இறங்கியது.

டமார்!

பீய்ங்... பீய்ங்... பீய்ங்...! வண்டி ஊரைக் கூட்டியது. பட்டறையே ஓடி வந்தது.

டிங்!

மேஜரின் சட்டைப் பையில் ஒரு மணிச்சத்தம். எரிச்சலோடு தட்டி அடக்கினார்.

"சனியன்! புது வண்டி வாங்கினதுலேர்ந்து இதே தொல்லை. காத்து கம்மி, கதவு சாத்தலன்னு நாள் முழுக்க டிங் டிங்னு... நான் திறந்து பார்க்கறதே இல்ல. சரி, சேதி போச்சா? எங்க போச்சு?"

அக்கா அவர் சட்டைப் பையையே பார்த்தாள். சத்தத்தை நிறுத்தினாள். மறுபடி பூட்டினாள். ஓங்கினாள்.

டமார்!

டிங்!

கூட்டத்தில் யாரோ 'ஐயய்யோ' என்றார்கள்.

இன்னொரு தடவை. டமார்!

டிங்!

 மேஜரின் கை சட்டைப் பைமேல் அப்படியே நின்றது.

"சார்..." அக்காவின் குரல் ரொம்பத் தணிவாக வந்தது. "புது வண்டிக்கு முன்னாடி வச்சிருந்த வண்டி என்ன ஆச்சு?"

"அதுவும் இதே கம்பெனிதான். பிக்கப். நாட்டுக்குக் குடுத்துட்டேன். முதல் ஆளா! பேப்பர்ல போட்டோ கூட..."



மண்கலருக்குள் மறைந்திருந்த தன் பழைய வண்டியை மேஜர் பார்த்தார். வியர்த்தது.

"நா... நான் இல்ல! வண்டியைக் குடுத்தேன். போன்ல அந்த வண்டியோட கணக்கை எடுக்கத் தோணல. அவ்வளவுதான்!"

"நீங்க பார்க்கறதில்லன்னு நம்பறேன் சார். வேற யாரு போன்லயெல்லாம் இது தெரியும்?"

மேஜர் போனைத் திறந்தார். திரையில் மூன்றே பேர். அவர், அவர் மனைவி...

மூன்றாவது பெயரைப் படிப்பதற்குள் போன் அலறியது!

மேஜர் மறைக்கப் பார்த்தார். அக்கா எட்டி ஸ்பீக்கரை அமுக்கிவிட்டாள்.

"அத்தான்!" உற்சாகமான இளங்குரல். மனைவியின் தம்பி! "நம்ம பழைய வண்டி மேல எவன் இடிக்கிறான்? மூணு தடவை டிங் அடிச்சுது! உடைச்சு கிடைச்சுத் தொலைச்சுடப் போறாங்க. மறுபடி எப்போ எல்லைக்குப் போகும் அத்தான்? கூட எத்தனை வண்டி போகும்?"



அக்கா கண்ணால் மிரட்டினாள். பேசுங்க!

"எ... எதுக்குடா கேக்கற?"

"சும்மாதான் அத்தான்! நாலு வண்டிக்கு மேல சேர்ந்து போனா சொல்லுங்க. கம்மியா போனா அவங்க காசைக் குறைச்சு... ஹி ஹி... அது நம்ம ஃபிரெண்ட்ஸ் கேட்டாங்க. வச்சிடட்டுமா?"

டொக்!



செத்துப்போன டிரைவர்களை நினைத்து ராசி விம்மினான். அக்காவுக்கும் கண் நிறைந்தது. மூணு லெட்டர்! முதல் லெட்டரை யாராவது ஒழுங்காகப் படித்திருந்தால் அவர்கள் இப்போது டீ குடித்துக்கொண்டிருப்பார்கள்.

மேஜர் தானே போய்த் தம்பியின் விலங்கை அவிழ்த்தார். பையிலிருந்த வாக்குமூலத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். தம்பி அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. பக்கத்து வண்டியின் சீட்டில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்துவிட்டான்.

கோர்ட் வேன் மச்சினன் வீட்டு விலாசத்தை வாங்கிக்கொண்டு சீறிப் புறப்பட்டது.

மேஜர் தொப்பியைக் கழற்றினார். அந்த அரை மணியில் அவருக்குப் பத்து வயது கூடியிருந்தது.

"ஒரே மச்சினன்மா. செல்லமா வளர்ந்தவன். அவனைப் பிடிச்சுக் குடுத்துட்டு நான் எந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போறது?"

அக்கா சுத்தியலைக் கீழே போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நடந்தே போங்க சார்... புது வண்டியில போனீங்கன்னா, எந்தத் திருப்பத்துல வர்றீங்கன்னு போன்ல பார்த்து வீட்டம்மா கரெக்டா பூரிக்கட்டையை ஓங்கிக்கிட்டு நிப்பாங்க!"