மண்சரிவுக்கு இந்தப் பக்கம்

மத்தியானம் தன்னை மீறிக் கண்ணயர்ந்து எழுந்த வினோஜன் தன் மனைவியைப் பார்த்து, "கொஞ்சம் தண்ணி தாங்க" என்றான், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்பதுபோல. ஷாமிலாவை அவன் ஒருநாளும் 'வாங்க, போங்க' என்று கூப்பிட்டதில்லை.

அவன் மூச்சில் அழுகிய கொய்யாப்பழம்போல இனித்த வாடை. பல் ஈறில் ரத்தம். கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள்.

சிக்னல் போவதற்கு முன் டாக்டர் போனில் சொல்லியிருந்தார். "ஈரல் நோய் குடிக்காதவங்களுக்கும் வரும்மா. ரத்தத்துல சேர்ற நஞ்ச ஈரல்தான் முறிக்குது. அது நின்னுட்டா நஞ்சு மூளைக்கு ஏறிரும். ஆள் தெரியாம பேசுவாரு. எப்படியாவது கொண்டு வந்துருங்க. அதுவரைக்கும் தூங்க விட்டுறாதீங்க."

பூண்டுலோயா பாதையில் மண் சரிந்து ஆம்புலன்ஸ் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அவனைத் தூக்கிப் போக ஆள் கூட்டிவர, பக்கத்து வீட்டுக் கந்தப்பன் போயிருந்தார். மலை இறங்கிவிடும் என்று பயந்து லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனமெல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டதால், தகரத்தில் சொட்டும் தண்ணீரும், கதவிடுக்கில் நுழையும் பனியும், அவன் இழுத்து இழுத்து விடும் மூச்சும் தவிர அந்த வரிசை முழுவதிலும் வேறெதுவும் இல்லை.

"கண்ண மூடாதீங்க. நான் யாரு, சொல்லுங்க."

"தெரியலயே. ஷாமிலாகிட்ட கேளுங்க."

"நான்தாங்க ஷாமிலா."

அவன் இரக்கத்தோடு சிரித்தான். "அவ குசினியில இருக்கா."

நஞ்சு பேசுகிறது என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அவன் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஷாமிலா, தேத்தண்ணி ஊத்திட்டியா?" அவன் உள்ளே பார்த்துக் கேட்டான்.

குசினியில் கரண்டி கோப்பையில் பட்டது.

காலையிலிருந்து அவள் அடுப்பே மூட்டவில்லை.

"இந்தா வாறேங்க."

அது ஷாமிலாவுடைய குரலேதான். சளி கட்டிய அதே கரகரப்பு.

ஈரக் காலடிகள். கட்டிலின் மறுபக்கம் கிரீச்சிட்டு அமுங்கியது. ஷாமிலா நிமிரவில்லை. அவள் போட்டிருந்த அதே சட்டையின் கை எதிரே தெரிந்தது. அதிலிருந்து நீண்ட விரல்கள் அவன் நெற்றியைத் தடவின.

"நான் வந்துட்டேன்ல. தூங்குங்க."

அவன் இமைகள் பாதி தாழ்ந்தன.

தூங்காதீங்க என்று ஷாமிலா கத்த முயன்றாள். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அவனை உலுக்கினாள். அவன் அசையவில்லை.

வெளியே பனியில் டார்ச் வெளிச்சம். பலருடைய காலடிகள்.

"தங்கச்சி, ஆள் கூட்டியாந்துட்டேன்." கந்தப்பனின் குரல்.

ஷாமிலா எழப் பார்த்தாள். கால்கள் வரவில்லை. அண்ணே. அண்ணே. மூச்சு மட்டும் வந்தது.

கட்டிலின் மறுபக்கமிருந்து அவள் குரலிலேயே பதில் போனது.

"அவர மேல் பாதையால தூக்கிட்டுப் போயிட்டாங்கண்ணே. நான் உடுப்பு எடுக்கத்தான் நிக்கிறேன். நீங்க போங்க."

"அப்பாடா. நல்லதாப் போச்சு தங்கச்சி."

வெளிச்சம் திரும்பியது. பேச்சுச் சத்தம் பனிக்குள் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. அந்த விரல்கள் அவசரமே இல்லாமல், அவனுடைய ஒரு கண்ணை மூடின. பிறகு மற்றதை.