தானாக வெந்த சால்மன்

சமையலறையில் ஈ, காக்கை கூட இல்லாதபோது ஒரு சால்மன் மீன் தன்னைத்தானே சமைத்துக்கொண்டது. இதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

சிரிக்காதீர்கள். நான் தீயணைப்பு வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். நான் ஓட்டிய வேகம் அப்படி. நாங்கள் போய் இறங்கி, குழாயை விரித்து, ஆளுக்கொரு டீ குடித்த பிறகுதான் அங்கே தீயே பிடிக்கும். இப்படிப்பட்டவன் போயும் போயும் ஒரு மீன் விஷயத்திலா புளுகப் போகிறேன்?

என் வீட்டுக்கு நேர் மேல்வீட்டில், நாலாம் மாடியில், பட்டாணி இருக்கிறாள். வயது பத்து. ஓர் இடத்தில் நிற்காமல் உருண்டு ஓடுவதால் அந்தப் பெயர். அவளுடைய அம்மா கப்பலில் இன்ஜினியர். மூன்று மாதப் பயணமாகக் கடலுக்குப் போயிருந்தார். அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். இருபது மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டே திருகாணியை முடுக்குவார். கை துளி நடுங்காது.

அதே மனிதர் அடுப்பைப் பற்றவைத்தால் போதும். கையில் இருக்கும் கரண்டி தானாகத் தாளம் போடும்.

அம்மா சமைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போனதெல்லாம் ஒரே வாரத்தில் காலி. அதற்குப் பிறகு காலையில் ரொட்டியும் ஜாமும். மதியம் ஜாமும் ரொட்டியும். ராத்திரி என்ன என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இது எப்படியோ வெளியூரில் இருக்கும் அத்தையின் காதுக்குப் போய்விட்டது. அத்தை என்றால் பட்டாணியுடைய அப்பாவின் அக்கா. ஃபோனில் அவர் பேசியது என் வீட்டுக்கே கேட்டது.

"ஏன்டா, புள்ளையை ஜாம் பாட்டில்ல போட்டு வளர்க்கறியா? ஞாயித்துக்கிழமை மதியம் வரேன். ஒரு வேளையாவது உருப்படியா சமைச்சுக் காட்டு. இல்லேன்னா அவ அம்மா வர்ற வரைக்கும் எங்க வீட்ல இருக்கட்டும். அங்கேயும் பள்ளிக்கூடம் இருக்கு."

அன்று சாயங்காலம் பட்டாணி என் வீட்டுக்கு வந்தாள். வழக்கமாக வந்ததும் பிஸ்கட் டப்பாவைத் திறப்பவள், அன்று சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை நல்லவங்கதான் தாத்தா," என்றாள். "ஆனா நான் போயிட்டா அப்பா யார்கூடப் பேசுவாரு? லிஃப்ட்கூடவா?"

நானே பிஸ்கட் டப்பாவைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். அவள் ஒன்றுகூட எடுக்கவில்லை.

மறுநாள் அப்பாவும் மகளும் மீன்கடைக்குப் போனார்கள். கடைக்கார அக்கா சால்மனில் நடுத்துண்டாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தார்.

"சமைக்கப் பயப்படறவங்களுக்குன்னே இருக்கற மீன் இது. முள்ளை எல்லாம் எடுத்துட்டேன். உப்பு போடுங்க, சூடு காட்டுங்க, அவ்வளவுதான். இதைக் கெடுக்கணும்னா அதுக்குத் தனித் திறமை வேணும்."

அப்பாவிடம் அந்தத் தனித் திறமை இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாணலியில் வறுத்தார். போட்டதும் புரட்டினார். மறுபடி புரட்டினார். கரண்டியால் குத்திப் பார்த்தார். அந்தப் பக்கம் வெந்ததோ என்று மறுபடியும் புரட்டினார். மீனுக்கே தலை சுற்றியிருக்கும், ஆனால் அதற்குத் தலை இல்லை. கடைசியில் வாணலியில் மரத்தூள் மாதிரி ஒன்று கிடந்தது. புகை வாசனை பிடித்து, நான் வாளியில் தண்ணீரோடு மேலே ஓடினேன். பழக்கதோஷம். தரை முழுக்க வெள்ளம்.

சனிக்கிழமை ஓவனில் வைத்தார். வைத்த கையோடு கதவைத் திறந்து பார்த்தார். மூடினார். "வேகுதா இல்லையான்னு தெரியலையே," என்று திறந்தார். மூடினார். அந்த ஓவன் கதவு அன்று ஆடிய ஆட்டத்தில் வீட்டுக்குள் காற்றே அடித்தது, ஜன்னல் திரையெல்லாம் பறந்தது. உள்ளே இருந்த சூடு முழுவதும் வெளியே வந்துவிட்டது. நாங்கள் மூன்று பேரும் வெந்தோம். மீன் வேகவில்லை. மேலே காய்ந்தும் உள்ளே பச்சையாகவும் இருந்தது.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "அக்கா சொல்றதுதான் சரி போலிருக்கு," என்றார் மெதுவாக.

பட்டாணி அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்றாவது மீனை வாங்குவதற்காக அவர்கள் கிளம்பினார்கள். நானும் துணைக்கு வந்து லிஃப்ட் பட்டனை அழுத்தினேன். லிஃப்ட் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. டக், டக், டக் என்று அழுத்திக்கொண்டே இருந்தேன்.

பட்டாணியின் அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஐயா, ஒரு தடவை அழுத்தினா போதும். நீங்க கூப்பிட்டது அதுக்குத் தெரியும். அது வந்துக்கிட்டேதான் இருக்கு. நாம குத்தறதால சீக்கிரம் வராது, பட்டன்தான் கெட்டுப்போகும்."

பட்டாணி அப்பாவை அண்ணாந்து பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஒரு வெளிச்சம். அன்று மாடிப்படி விளக்கை அணைத்திருந்தாலும் எங்களுக்கு வழி தெரிந்திருக்கும்.

"அப்பா, மீனும் அப்படித்தான்பா," என்றாள்.

"எப்படி?"

"நீங்க பட்டனைக் குத்திக்கிட்டே இருக்கீங்க."

அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மூடினார். ஓவன் கதவு மாதிரியே இருந்தது.

மீனோடு வீட்டுக்கு வந்ததும் பட்டாணி அப்பாவின் கருவிப் பெட்டியைக் குடைந்து ஒரு மஞ்சள் பலகையை எடுத்தாள். லிஃப்ட் வேலை நடக்கும்போது அவர் மாட்டி வைப்பது அது. 'வேலை நடக்கிறது. கதவைத் திறக்காதீர்கள்' என்று எழுதியிருக்கும்.

"மீனை உள்ளே வெச்சதும் நாம எல்லாரும் வெளியே. இந்தப் பலகை சமையல்ரூம் கதவுல. கதவுக் கண்ணாடி வழியா பார்க்கலாம். தொடக் கூடாது."

அப்பா மீனின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்தார். உப்பு, மிளகுத்தூள், கொஞ்சம் எண்ணெய், தட்டிய பூண்டு, மேலே எலுமிச்சை வில்லைகள். பட்டாணி அதை ஓவனுக்கான காகிதத்தில் பரிசுப் பொருள் போலப் பொட்டலம் கட்டினாள்.

அந்த நேரம் பார்த்து அழைப்புமணி அடித்தது. அத்தை. கையில் ஒரு பெரிய பெட்டி. காலிப் பெட்டி. எதற்கென்று யாரும் கேட்கவில்லை. பட்டாணி மட்டும் அதைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

அத்தை நேராகச் சமையலறைக்குள் போய் ஓவனைத் திறந்தார், அலமாரியைத் திறந்தார், குப்பைக் கூடையைக் கூட எட்டிப் பார்த்தார்.

"கடைச் சாப்பாடு எதுவும் ஒளிச்சு வைக்கலையே?"

"இல்லைக்கா. சத்தியமா."

சூடான ஓவனுக்குள் பச்சை மீன் போவதை அத்தை கூடவே நின்று பார்த்தார். பட்டாணி ஓவன் மணியைப் பதினைந்து நிமிடத்துக்கு வைத்தாள். எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திப் பலகையை மாட்டினாள்.

"இது என்ன கூத்து? சமைக்கிறவன் வெளியே நின்னா யாரு சமைப்பா?"

"மீனே பார்த்துக்கும் அத்தை."

அத்தை அவளை நம்பவில்லை. என்னை அதைவிட நம்பவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"யாரும் உள்ளே போகக் கூடாது. முக்கியமா நீங்க, பெரியவரே. உங்க முழியே சரியில்லை."

பட்டாணியின் அப்பா கூடத்தில் நடந்தார். நடந்த நடையில் தரை ஒரு அங்குலம் தேய்ந்தது. கதவுப் பக்கம் வந்தபோதெல்லாம் அவர் கை தானாக நீண்டது.

"அப்பா, ஒரு தடவைதான்," என்றாள் பட்டாணி.

அவர் உட்கார்ந்து, தன் இரண்டு கைகளின் மேலும் தானே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் பூண்டும் எலுமிச்சையும் கலந்த வாசனை கதவிடுக்கில் கசிந்தது. அத்தையின் மூக்கு அசைந்தது. அத்தையே அசைந்தார். நாற்காலியை விட்டு எழுந்தார்.

"ஒண்ணுமில்லை, லேசா ஒரு தடவை திறந்து பார்த்துட்டு..."

பட்டாணி மஞ்சள் பலகையைக் காட்டினாள்.

"அத்தை, நீங்கதான் காவல்."

அத்தை மறுபடி உட்கார்ந்தார். என் வாழ்நாளில் எவ்வளவோ பெரிய தீயை அணைத்திருக்கிறேன். அந்த அத்தையை உட்காரவைத்தது அதைவிடப் பெரிய காரியம்.

மணி அடித்தது.

பொட்டலத்தைப் பிரித்தபோது எழுந்த ஆவியில் என் கண்ணாடி மங்கிவிட்டது. அப்பா முள்கரண்டியால் மீனை மெல்லத் தொட்டார். இதழ் இதழாகப் பிரிந்தது. உள்ளே பச்சை இல்லை, வெளியே காயவும் இல்லை. அவர் கையிலிருந்த கரண்டி தாளம் போடவில்லை.

ரொட்டியோடு நாங்கள் சாப்பிட்டோம். அத்தை முதல் வாய் வைத்தார். பேசவில்லை. இரண்டாவது வாய். பேசவில்லை. அத்தை பேசாமல் இருந்தது அந்தக் குடும்பத்தில் அதுதான் முதல் முறையாம்.

தட்டு காலியானதும் பட்டாணி கேட்டாள். "அத்தை, அந்தப் பெட்டி..."

அத்தை பெட்டியைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். தம்பியின் முகம் லிஃப்ட் கயிற்றைப் போல விறைத்திருந்தது.

"பெட்டியா? மீன் வாங்கிட்டுப் போகத்தான்," என்றார் அத்தை. "அந்தக் கடை எங்கே இருக்கு?"

பட்டாணி அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர் விறைப்பு அப்படியே இறங்கிவிட்டது.

அந்தப் பெட்டி அன்று ஐஸ் கட்டியும் சால்மனுமாக ஊருக்குப் போனது. அத்தை இப்போது ஞாயிறுதோறும் அதே பெட்டியோடு சாப்பிட வந்துவிடுகிறார். பெட்டி வருவதற்கு அரைமணி முன்னாலேயே அதன் மீன் வாசனை வந்துவிடும்.

நானும் விடாமல் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "மீன் தானே வெந்துச்சாம். பெரியவருக்கு வேற வேலை இல்லை," என்று அத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் தலையில் அடித்துக்கொள்வார்.

போன ஞாயிறு லிஃப்டில் தபால்காரரிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மூலையில் பெட்டியோடு நின்ற அத்தையைப் பார்த்து, "ஏம்மா, மீன் எங்கேயாவது தானா வேகுமா?" என்று கேட்டார்.

பட்டாணி அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை கையை நீட்டி நாலாம் மாடிப் பட்டனை ஒரே ஒரு தடவை அழுத்தினார்.

"உள்ளே ஒருத்தரும் போகலை," என்றார். "வாசல்ல நான்தான் உட்கார்ந்திருந்தேன். அது தானாத்தான் வெந்துச்சு."