காணாமல் போன சின்னக் கைப்பிடி

வீரனின் பெருமை அவன் உள்ளங்கையின் அகலத்தில் இருக்கிறது என்பது மலேசியாவின் மாசாய் ஊர் வேங்கைத் துப்பாக்கி சுடும் சங்கத்தின் மாறாத தர்மம். அதை அருளிச்செய்தவர் தலைவர் ராஜசேகரன். போன ஆண்டுப் போட்டிப் பட்டியலில் அவருக்குக் கீழே இருந்தது ஒரே பெயர். அந்த ஆள் அன்றைக்கு வரவே இல்லை.

ஆனாலும் தர்மம் தர்மம்தான். கைத்துப்பாக்கிக்கு மரப்பிடி வரவழைத்தால், யாருக்கு என்ன அளவு என்று பலகையில் ஒட்டுவார்கள். ஆண்கள் அத்தனை பேரும் பெரிசு. சின்னது கேட்டவள் கஸ்தூரி ஒருத்திதான்.

அந்தக் கஸ்தூரி சனிக்கிழமை காலை கேண்டீனுக்குள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“ஸ்டானிஸ்லாஸ் அண்ணே, என் பிடியக் காணோம்! யாரோ கழட்டிட்டு பெரிச மாட்டி வெச்சிருக்காங்க. விரல் விசையவே எட்டல. இன்னும் நாப்பது நிமிஷத்துல ஜொகூர் மாநில அணித் தேர்வுண்ணே!”

ஆயுதச் சோதகர் ஸ்டானிஸ்லாஸ் தே தாரேக் தேநீரின் நுரையை ஊதினார். அவருடைய உதவியாளர் ரூபேந்திரனுக்கோ புல்லரித்தது. ஆறு மாதமாகத் திருகாணி எண்ணியவருக்கு முதன்முதலாக ஒரு திருட்டு!

“ஷர்மைன்தாண்ணே!” என்றார் ரூபேந்திரன். “ அணியில இருக்கிறது ஒரே எடம். கஸ்தூரி தோத்தா அவளுக்குத்தான்!”

“காலையில ஆயுத அறைக்கு யார் யார் போனது?”

“ஷர்மைனும் தலைவரும் மட்டும்தான். தலைவரை விடுங்க லா.”

சுடுகளத்தில் பயிற்சியில் இருந்த ஷர்மைன் கொதித்தாள். “அலமாக்! என் விரலப் பாருங்க, முருங்கைக்காய் மாதிரி. அந்தப் பொம்மைப் பிடி எனக்கு எதுக்கு?”

“அவளைக் கெடுக்கத்தான்!” என்றார் ரூபேந்திரன்.

“கெடுக்கிறவங்க உருவிட்டு ஓடியிருப்பாங்க,” என்றார் ஸ்டானிஸ்லாஸ். “பெரிச மெனக்கெட்டு மாட்டுவாங்களா? எடுத்தவங்க கையில அவங்களோட பெரிசு மிச்சமாயிருந்திருக்கு. ஷர்மைனோட பிடி அவ துப்பாக்கியிலயே இருக்கு, பாரு.”

அவர் பலகை முன் நின்றார். தலைவரின் பயிற்சி அட்டைகள் மாதவாரியாகத் தொங்கின. ஓட்டையெல்லாம் இடது ஓரம். இன்று காலை அட்டையில் மட்டும் ஐந்தும் நடுவில்.

“தலைவர் இன்னிக்கு பிச்சி உதறிட்டாருண்ணே!”

“நீயே சொல்லிட்ட,” என்று ஸ்டானிஸ்லாஸ் நடந்தார்.

தலைவர் மூத்தோர் பிரிவுக்காகக் காத்திருந்தார். மேசையில் அவருடைய துப்பாக்கி மஞ்சள் பட்டுக்குள் துயின்றது.

“தொடாதீங்க! கோயில்ல பூஜை போட்டது. கண்ணு படக்கூடாது.”

“நான் பாக்காத துப்பாக்கி இங்க போட்டியில சுடாது, தலைவரே.” கூட்டம் கூடிவிட்டது. ஸ்டானிஸ்லாஸ் குரலை உயர்த்தவில்லை. “சின்னக் கைக்குப் பெரிய பிடின்னா, விரல் நுனி விசைய நேரா இழுக்காது, பக்கவாட்டுல தள்ளும். வலது கைக்காரருக்குக் குண்டு இடது பக்கம் போவும். வருஷம் பூரா உங்களுக்குப் போச்சு. இன்னிக்கு நேராப் போவுது. ஒரே ராத்திரியில கை வளராதுங்க, பிடிதான் சுருங்கும். சின்னது கேட்டா பலகையில பேரோட ஒட்டுவாங்க. அதான் கேக்காம எடுத்துட்டீங்க.”

ரூபேந்திரன் தாங்க மாட்டாமல் பட்டுத் துணியை உருவினார். கஸ்தூரி கட்டைவிரல் பள்ளத்தில் அரம் போட்ட தடத்தைத் தடவினாள்.

“இது என்னுது! மூணு மாசம் ராவினேன்!”

“நான்... தரம் பாக்கத்தான் எடுத்தேன்,” என்றார் தலைவர்.

“அஞ்சு குண்டு சுட்டுத்தான் தரம் பாத்தீங்களா, தலைவரே?” என்றாள் ஷர்மைன். சிரிப்பு கூரையை இடித்தது.

தேர்வுக்குப் பதினோரு நிமிடம் இருந்தது. ரூபேந்திரன் வியர்க்க வியர்க்கத் திருகாணியை முறுக்கினார். கஸ்தூரி ஓடிப்போய்க் கோட்டில் நின்றாள்; விரல் விசையில் பாந்தமாக உட்கார்ந்தது. கடைசிக் குண்டுவரை ஷர்மைனும் அவளும் சமம். கடைசிக் குண்டு பத்து! ஒரே ஒரு புள்ளியில் ஜொகூர் அணி அவளுக்கு. ஷர்மைனே அவளைக் கட்டிக்கொண்டு கத்தினாள்.

சாயங்காலம் ரூபேந்திரன் அறிக்கை எழுத உட்கார்ந்தார். “அண்ணே, கழட்டினப்ப அந்தப் பிடியில உள்ளங்கை உக்கார்ற எடத்துல ரெண்டு மடிப்பு அட்டை ஒட்டியிருந்துச்சு. கஸ்தூரி தன்னோடது இல்லன்னுட்டா. அது எதுக்கு?”

அந்தச் சின்னப் பிடியும் தலைவர் கைக்குக் கொஞ்சம் தொளதொள.