குடற்செவி

பொழுது விடியும் முன்பே பழவேசத்தின் வயிறு பேரம் பேச ஆரம்பித்துவிட்டது.

"எண்ணெய்ப் பரோட்டா. நாலு வேண்டாம், ரெண்டு போதும். சால்னா மட்டும் கூடக் கொஞ்சம்."

தொப்புளுக்கு மேல் ஒட்டியிருந்த குடற்செவியிலிருந்து வந்தது அந்தக் குரல். குடலுக்குள் கோடிக்கணக்கில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் மூளைக்கு அனுப்பும் வேதிச் செய்திகளை ஒட்டுக்கேட்டு, மனிதப் பேச்சாக மாற்றிச் சொல்லும் வில்லை அது. நாக்கு கேட்கிறது, மனசு கேட்கிறது என்று நினைத்திருந்த ஆசையெல்லாம் அவை எழுப்பிய கோரிக்கைதான் என்று தெரிந்தபோது விருதுநகரே வாயடைத்துப் போனது. பழவேசத்துக்குத்தான் அதிர்ச்சி அதிகம். காலமெல்லாம் லாரி ஓட்டி, ஊர் ஊராகப் பரோட்டாவைத் தேடித் தின்றது அவர் இல்லையாமே!

சர்க்கரை ஏறி அவருடைய விழித்திரையில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கண் டாக்டர் நிலோஃபர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"உள்ள இருக்கிற கூட்டத்தைப் பட்டினி போடுங்க. கீரை, பயறு, காய்கறி, கேழ்வரகுன்னு சாப்பிட்டா வேற கூட்டம் குடியேறும். இல்லன்னா பார்வை போயிரும்."

ஒரு மண்டலம் கீரையும் பயறும்தான். உள்ளே இருந்தவை சும்மா விடுமா? கெஞ்சின, மிரட்டின, கடைசியில் அழுதே விட்டன.

"பாவம், புள்ள. நம்மளை நம்பி வந்ததுக" என்றார் பழவேசம்.

"நல்லா இருக்குங்க உங்க நியாயம்! கண்ணு அவியப் போகுது, கிருமிக்குப் பரிதாபமாக்கும்?" என்று முருங்கைக்கீரைப் பொரியலை இன்னொரு கரண்டி வைத்தாள் அவர் மனைவி தங்கபுஷ்பம்.

அழுகை மெலிந்து மெலிந்து ஒருநாள் நின்றது. பிறகு புதுக்குரல் ஒன்று, வெகு மரியாதையாக: "ஐயா, தட்டைப்பயறு கிடைக்குமா?"

பழவேசத்துக்குப் புல்லரித்துவிட்டது. தன் வயிற்றுக்குள் ஆட்சி மாறியதை உட்கார்ந்து கேட்ட மனிதர் அல்லவா! அதைவிட ஆச்சரியம், அவருக்கே தட்டைப்பயறு தின்ன ஆசையாக இருந்தது.

சர்க்கரை இறங்கியது. புதியவர்கள் கெட்டிக்காரர்கள், சாப்பாட்டோடு நிற்கவில்லை. நடக்கலாம் என்றார்கள், நடந்தார். நேரத்தோடு தூங்கலாம் என்றார்கள், தூங்கினார். மச்சினனோடு வாக்குவாதம் வேண்டாம், அமிலம் சுரக்கிறது என்றார்கள். அந்தச் சண்டையையும் விட்டார்.

"நான் தொண்டைத்தண்ணி வத்தக் கத்துனேன், காதுல வாங்கலை. கிருமி சொன்னா மட்டும் கேக்குறாரு" என்று தங்கபுஷ்பம் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். சொன்னாலும் அவளுக்கு உச்சி குளிர்ந்துதான் இருந்தது.

அடுத்த பரிசோதனையில் நிலோஃபர் விழித்திரையை வெகுநேரம் ஆராய்ந்துவிட்டு நிமிர்ந்தார்.

"கசிவு நின்னுடுச்சு. பார்வை தப்பிச்சதுங்க ஐயா!"

தங்கபுஷ்பம் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அத்தனை நாள் பயத்தை மென்று விழுங்கியவள் அவள்தானே.

"சொல்லுங்க, இந்தக் கண்ணால முதல்ல எதைப் பாக்கணும்னு ஆசை?" என்று சிரித்தார் டாக்டர்.

தங்கபுஷ்பம் முந்தானையை விலக்கிக் கணவனைப் பார்த்தாள். பழவேசம் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. யோசித்துப் பார்த்தார், அப்போதும் வரவில்லை. மெல்லச் சட்டையை விலக்கி, தொப்புளைப் பார்த்துக் காத்திருந்தார்.

"சந்தைக்குப் போவோம். வெந்தயக்கீரை வந்திருக்கும்" என்றது குடற்செவி.

"ஆமா டாக்டர்" என்று முகம் மலர்ந்தார் பழவேசம். "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்."