தைவான் பெண்ணும் ஜப்பான்காரனும்

கறுகறுவென்று, பளபளவென்று, ஒரு பாத்திரம் நிறைய ஜவ்வரிசி உருண்டைகள் மழைத் தண்ணீரில் உருண்டு ஓடிக்கொண்டிருந்தன...

ஹேரிம் காலிப் பாத்திரத்தோடு சந்தின் நடுவில் நின்றாள். சற்று முன்புவரை அவை சர்க்கரைப் பாகில் ஊறி, அவள் கையில் சூடாக இருந்தவை. பபிள் டீ கடையின் சமையலறைக்கும் முன்கடைக்கும் நடுவே இருப்பது இந்த ஒரு சந்துதான். அதைக் கடப்பதற்குள் எதிர்க்கடையின் பின்கதவு படாரென்று திறந்தது. குப்பைப் பையோடு ஒருவன் பாய்ந்து வந்தான். அவ்வளவுதான்.

'கண்ணு என்ன முதுகுலயா இருக்கு? காலையிலேர்ந்து கிண்டிக்கிட்டு நின்னவளுக்குத்தானே தெரியும்!'

இத்தனையும் கொரிய மொழியில் நெஞ்சுக்குள் கொதித்து எழுந்தது. ஆனால் இது மெல்பர்ன். ஆங்கிலத்தில் அல்லவா திட்ட வேண்டும்? ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, அடுக்கி, சரிபார்த்து... வாக்கியம் தயாராவதற்குள் கோபமே பாதி ஆறிவிட்டது.

"நீ... கண்... இல்லை?"

அவன் நிமிர்ந்தான். தலையில் கட்டிய நீலத் துணிக்குக் கீழே மழை சொட்டும் இமைகள். அவற்றுக்குள் பயந்துபோன, ஆனால் சிரிப்பை அடக்கத் தெரியாத இரண்டு கண்கள்...

"கண் இருக்கு. இரண்டு," என்றான் பணிவாக. "ஆனா... மழை... ரொம்ப."

அவனுடைய ஆங்கிலமும் அவளுடையதைப் போலவே நொண்டியது! அந்த ஒரு காரணத்துக்காகவே ஹேரிமுக்கு அவனை மன்னித்துவிடத் தோன்றியது.

இருவரும் குனிந்து உருண்டைகளைப் பொறுக்கினார்கள். அவன் 'தைவான் பபிள் டீ' என்றிருந்த அவளுடைய கடைப் பலகையை அண்ணாந்து பார்த்தான்.

"நீ... தைவான்?"

ஹேரிம் திடுக்கிட்டாள். வந்த புதிதில் அவள் கொரியப் பெண்களோடுதான் தங்கினாள். கொரிய மொழியிலேயே சிரித்து, சண்டை போட்டு, சமைத்துச் சாப்பிட்டு... ஆங்கிலம் விமான நிலையத்தில் இறங்கிய இடத்திலேயே நின்றது. ஊரில் அவள் ஆங்கிலத் தேர்வில் ஏறக்குறைய முழு மதிப்பெண் வாங்கியவள். ஆனால் அலுவலகத்தில் வெளிநாட்டிலிருந்து போன் வந்தால் பக்கத்து மேசைப் பெண்ணிடம் நீட்டிவிட்டுக் கழிவறைக்கு ஓடியவளும் அவள்தான். அந்தப் பக்கத்து மேசைப் பெண் இப்போது மேலாளர். முப்பத்தொரு வயதில் வேலையை விட்டுவிட்டு, மொழிப் பள்ளியில் சேர்ந்து, பகுதி நேரமாக டீ குலுக்கிக்கொண்டிருப்பது மறுபடி கொரிய மொழியிலேயே வாழ்வதற்கா? வீடு மாறினாள். இனி எந்தக் கொரியரோடும் பேச்சில்லை என்று சபதம் எடுத்தாள். 'கொரியா' என்று சொன்னாலே போதும், 'எனக்கு ஒரு கொரிய நண்பன் இருக்கான்' என்று யாராவது ஒருவனைக் கூட்டி வந்து நிறுத்திவிடுவார்கள்.

"ஆமா. தைவான்," என்றாள். "நீ ஜப்பான்?"

ஜப்பானிய உடான் நூடுல்ஸ் கடையில் வேறு யார் இருப்பார்கள்? அவன் ஏனோ ஒரு கணம் தன் கடையைத் திரும்பிப் பார்த்தான்.

"ஆமா... ஜப்பான். பேர் லியோ."

"ஐவி," என்றாள் அவள். பள்ளியில் சேர்ந்த அன்று வைத்துக்கொண்ட பெயர்.

அதற்குப் பிறகு அந்தச் சந்துக்கு மழையும் வந்தது, வெயிலும் வந்தது. ஒரே பிற்பகலில் இரண்டும் வந்தன. இடைவேளைகளில் இருவரும் பின்வாசல் படியில் உட்கார்ந்தார்கள்.

"தைவான்ல இப்ப புயல்?" என்று அவன் கேட்பான்.

"ஆமா... ஆமா... பெரிய புயல்," என்பாள். டிராமில் வரும்போதே தைவானைப் பற்றிப் படித்துக்கொண்டு வருவது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. "உன் வீடு ஜப்பான்ல எங்க?"

"ஃபூஜி மலை பக்கம்."

"உன் பாட்டி வீடு?"

"அதுவும்... ஃபூஜி மலை பக்கம்."

"எல்லாரும் ஃபூஜி பக்கம்?"

"பெரிய மலை," என்றான் அவன் படு தீவிரமாக. "பக்கம் நிறைய இருக்கு."

சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது.

போன் என்றால் பயம் என்று ஒரு நாள் சொன்னாள். அடுத்த நாளிலிருந்து அவன் எதிர்க்கடையிலிருந்தே அவளுக்கு போன் செய்தான். கண்ணாடி வழியாக அவன் முகம் தெரியும். காதில் அவன் குரல் கேட்கும். "வணக்கம். உடான் கடை. உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று கனத்த குரலில் கேட்பான். இவள் அவன் சூப்பைப் பற்றிப் புகார் சொல்ல வேண்டும். திக்கித் திக்கி, தினம் ஒரு புகார்...

அந்நிய மொழிக்கு ஒரு வசதி இருந்தது. அதில் சொற்களுக்குக் கனமே இல்லை. தாய்மொழியில் தொண்டையைத் தாண்டி வராதவை, ஆங்கிலத்தில் கடையில் பால் கேட்பது போல வந்துவிட்டன.

"என் கல்யாணம். பத்திரிகை எல்லாருக்கும் கொடுத்தாச்சு. நான்... நிறுத்தினேன். நான் கெட்டவ?"

அவன் விரலால் படியின் ஈரத்தில் ஏதோ கிறுக்கினான். சொற்களைத் தேடுகிறானா, பதிலையா?

"சூப் கெட்டுப்போனா நாங்க ஊத்திடுவோம். யாரும் குடிக்க மாட்டோம். நீ குடிக்கலை. அவ்வளவுதான்."

அப்புறம் அவன் சொன்னான். "போலீஸ் பரீட்சை. நாலு தடவை எழுதினேன். நாலும் போச்சு. அப்பா என்னைப் பாத்து... பெருமூச்சு மட்டும். பேச்சு இல்லை."

"நீ நல்ல போலீஸ் ஆக மாட்ட," என்றாள் ஐவி. "முகம் ரொம்ப... இனிப்பு. கண் ரொம்ப அழகு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. ஹேரிமாக இருந்தால் செத்தாலும் சொல்லியிருப்பாளா? அவன் காதுகள் இரண்டும் சிவந்துபோயிருந்தன. அவள் இதயமோ, குலுக்கிவைத்த டீ மாதிரி நுரைத்துக்கொண்டிருந்தது...

அவன் விசாவை நீட்டிக்க ஏதாவது தோட்டத்தில் மூன்று மாதம் வேலை செய்தாக வேண்டும். மில்டூராவில் ஆரஞ்சு பறிக்கும் வேலை கிடைத்திருந்தது. சனிக்கிழமை காலையில் பஸ். அதற்கு முந்தைய திங்கட்கிழமை உடான் கடையில் அவனுக்குப் பிரிவு விருந்து வைத்தார்கள். மதிய வியாபாரம் முடிந்த நேரம்.

"நீயும் வா. முதலாளி நல்லவர்," என்றான்.

முதலாளிக்கு நரைத்த தலை, அகன்ற சிரிப்பு. இருவரையும் எதிரில் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார். ஆங்கிலத்தில் "வா, வா, சாப்பிடு" என்றார். பிளம் ஒயின் புட்டியை எடுத்தார்.

வயதில் பெரியவர் ஊற்றுகிறார். ஹேரிமின் இரண்டு கைகளும் தாமாகக் கோப்பையை ஏந்தின. கொரியாவில் பெரியவரின் முகத்துக்கு நேராகக் குடிப்பார்களா? கோப்பையைக் கையால் மறைத்துக்கொண்டு அவள் முகத்தை வலப்பக்கம் திருப்பினாள். வலப்பக்கம் உட்கார்ந்திருந்த லியோ, அதே போலக் கோப்பையை மறைத்துக்கொண்டு, முகத்தை இடப்பக்கம் திருப்பினான்.

மூக்கோடு மூக்கு இடிக்காத குறை.

கோப்பைகளுக்கு மேலே நான்கு கண்கள் விரிந்தன... எந்த ஜப்பான்காரன் இப்படிக் குடிப்பான்? எந்தத் தைவான் பெண் இப்படித் திரும்புவாள்?

"நீ..." என்று அவள் கொரிய மொழியில் ஆரம்பித்தாள்.

"நீங்க..." என்று அவன் கொரிய மொழியில் முடித்தான்.

முதலாளி மேசையைத் தட்டிச் சிரித்தார். அவரும் கொரிய மொழிக்கு மாறினார். "அட, நம்ம ஊர்ப் பொண்ணா! எந்த ஊரும்மா?"

"சொங்ஜுங்க."

"நான் பூசான். ஜப்பான்னு சொன்னாத்தான் உடான் விக்குது, அதான் பசங்களையும் அப்படிச் சொல்லச் சொல்றது. பேரென்ன, வயசு எத்தனைம்மா?"

"ஹேரிம். வயசு முப்பத்தொண்ணுங்க."

"அடேய் கிஹோ! உன்னைவிட மூணு வயசு பெரியவங்கடா. எழுந்திரிச்சு வணக்கம் சொல்லு. அக்கான்னு கூப்பிடு!"

அவன் எழுந்தான். தலைத்துணியை அவிழ்த்தான். இடுப்பு வளையக் குனிந்தான்.

"வணக்கங்க... அக்கா."

இத்தனை நாள் சந்துப் படியில் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தவன் ஒரு நொடியில் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டான். ஹேரிமும் பதிலுக்குக் குனிந்தாள். "அவசர வேலை இருக்குங்க" என்று முணுமுணுத்துவிட்டு, குடையைக்கூட எடுக்காமல் மழையில் ஓடினாள்.

'ஐயோ... என்னவெல்லாம் சொல்லித் தொலைச்சேன்!'

ஃபூஜி மலை பக்கத்துப் பையனுக்கு அது வெறும் செய்தி. கொரியப் பையனுக்கோ? பத்திரிகை கொடுத்த பிறகு கல்யாணத்தை நிறுத்துவது என்றால் என்ன என்று அவனுக்கு விளக்க வேண்டியதில்லை. அம்மா மூன்று மாதம் கடைத்தெருப் பக்கம் போகாதது, பெரியப்பா பேசப் பிடிக்காமல் போனை வைத்தது, எல்லாம் சொல்லாமலே புரியும். அதற்கு மேல், 'கண் ரொம்ப அழகு' என்று வேறு... அதுவும் மூன்று வயது சின்னவனிடம்! தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு காலை உதறினாள்.

செவ்வாய் போன் வரவில்லை. புதன் வரவில்லை. வந்தால் எடுக்கக் கூடாது என்ற வீம்போடு காத்திருந்தவளுக்கு, வராத போன் மேல் கோபமாக வந்தது. எதிர்க்கடைக் கண்ணாடியில் அவன் தலை தெரியும். இவள் பார்த்ததும் சட்டென்று குனிந்துகொள்ளும்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது அவளுக்கு உறைத்தது. அவன் ஏன் ஒளிகிறான்? நாலு தடவை தோற்றவன் என்று அவன் சொன்னது ஒரு தைவான் பெண்ணிடம். கேட்டது சொங்ஜு பெண்! ஊரில் மாமன், மச்சான், பக்கத்து வீடு என்று எல்லாரும் உச்சுக் கொட்டும் தோல்வி அது. தன் வெட்கத்தையே போர்த்திக்கொண்டு படுத்திருந்தவள், அவனுக்கும் வெட்கம் இருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தாளா? நாளைக்கு அவன் போய்விடுவான். ஊர்க்காரி என்றதும் ஓடிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே ஆரஞ்சு பறிப்பான். அப்புறம் வேறு தோட்டம், வேறு ஊர்... அவ்வளவுதான், முடிந்தது.

முடிய விடக் கூடாது.

சனிக்கிழமை பஸ் நிலையத்துக்குள் அவள் ஓடி வந்தபோது, மில்டூரா பஸ்ஸின் வயிற்றில் பெட்டிகளை ஏற்றி முடித்திருந்தார்கள். அவன் ஒரு காலைப் படியில் வைத்திருந்தான்.

"கிஹோ!"

முதன்முறையாக அவன் சொந்தப் பெயர். அவன் திரும்பிய வேகத்தில் தோள்பை நழுவியது.

"அக்கா..."

"இன்னொரு தடவை அக்கான்னு சொன்னா பல்லைத் தட்டிடுவேன்." மூச்சு வாங்கியது. "ஏன் போன் பண்ணல?"

"நீங்க எடுக்க மாட்டீங்கன்னு..."

"எடுத்திருக்க மாட்டேன்தான்! ஆனா பண்ணியிருக்கணும்ல?"

அவன் நழுவிய பையை எடுத்துத் தோளில் மாட்டினான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நாலு தடவை பெயிலானவன்னு நம்ம ஊர்ப் பொண்ணுக்குத் தெரிஞ்சுபோச்சேன்னு இருந்துச்சு."

"பத்திரிகை கொடுத்துட்டுக் கல்யாணத்தை நிறுத்தினவள்னு நம்ம ஊர்ப் பையனுக்குத் தெரிஞ்சுபோச்சேன்னு எனக்கு இருக்காதா?"

"அதுவா?" அவன் நிமிர்ந்தான். கண்களில் ஏதோ பளிச்சிட்டது. "அந்த தைரியம் எனக்கு இருந்திருந்தா ரெண்டாவது பரீட்சையோடயே நிறுத்தியிருப்பேனே. உங்களைப் பாத்து எனக்குப் பொறாமைதான் வந்துச்சு."

ஹேரிமுக்குக் கண் கரித்தது. ஆங்கிலத்தில் சொல்லிவிடலாம். சின்னச் சொல், கனமில்லாத சொல்... நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இல்லை. கனமாகவே சொல்ல வேண்டும். பிறந்த மொழியில் சொன்னாள்:

"உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு கிஹோ. விளையாட்டுக்கு இல்ல. மூணு மாசம் கழிச்சு நீ இங்கதான் திரும்பி வரணும்னு ஆசையா இருக்கு."

பஸ் ஹாரன் அலறியது. ஓட்டுநர் அம்மாள் எட்டிப் பார்த்துக் கத்தினாள். "செல்லங்களா! ஏறுறதுன்னா ஏறுங்க, கல்யாணம் பண்ணிக்கிறதுன்னா இறங்கி நின்னு பண்ணிக்கோங்க! எனக்கு நேரமாச்சு!"

"ஒரே ஒரு நிமிஷம் பொறுங்களேன்!" ஹேரிம் திரும்பிக் கத்தினாள். "இப்பத்தான் என் மனசைச் சொல்லியிருக்கேன், அவன் இன்னும் பதிலே சொல்லல! பதில் கேக்காம நான் எப்படி அவனை அனுப்புறது?"

பஸ்ஸுக்குள் சிரிப்பு வெடித்தது. கிஹோ மட்டும் சிரிக்கவில்லை. அவளையே வியந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன அப்படிப் பாக்குற?"

"ஒரு இடத்துலகூட நிக்காம... இவ்வளவும் இங்கிலீஷ்ல பேசினீங்க. தெரியுமா?"

அவளுக்குத் தெரியவில்லை. எந்த வாக்கியத்தையும் அவள் அடுக்கவே இல்லையே!

அவன் படியிலிருந்து இறங்கினான். குரல் தழைந்தது. "தைவான் பொண்ணா இருந்தப்பவே பிடிச்சுது. சொங்ஜு பொண்ணுன்னு தெரிஞ்சப்பத்தான் பயமே வந்துச்சு. ஊருக்குப் போனா இழந்துடப்போற ஒருத்தி இல்ல, ஊருக்கே கூட வரக்கூடிய ஒருத்தின்னு ஆயிடுச்சே, இனி இது விளையாட்டில்லையேன்னு. வருவேன். உன்கிட்டதான் வருவேன், ஹேரிம்."

'உன்கிட்ட'... மழைக் காற்று அவள் முகத்தில் அடித்தது. அவன் விரல்கள் அவள் விரல்களைத் தேடிப் பிடித்து, ஒரு முறை இறுக்கி, விட்டன.

அவன் ஏறினான். கதவு பாதி மூடியது. மறுபடி திறந்தது.

"ஏம்மா," என்றாள் ஓட்டுநர் அம்மாள், கழுத்தை நீட்டி. அவளுக்குப் பின்னால் ஜன்னல்தோறும் முகங்கள். "உங்க பாஷை எங்களுக்குப் புரியல. பையன் என்னதான் சொன்னான்?"

ஹேரிம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, அத்தனை பேருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் கத்தினாள்:

"சரின்னு சொல்லிட்டான்!"