பூட்டிய பெட்டிக்குள் வெள்ளைப் பசை

ஞாயிறு காலை 9.20. கெல்சென்கிர்ச்சன் நகருக்கு வெளியே, ஏர்சாஃப்ட் என்னும் விளையாட்டுத் துப்பாக்கிக் குழுவின் பயிற்சித் திடல். பத்து மணிக்கு, அணியில் மிஞ்சிய ஒரே இடத்துக்குத் தெரிவுப் போட்டி. மிதுஷனின் துப்பாக்கியோ பிளாஸ்டிக் குண்டைப் பாதி வழியிலேயே தரையில் போட்டது.

"உது ஜெனிஸ்டன்ர வேலை," என்றான் மிதுஷன். "துப்பாக்கிப் பெட்டி பூட்டித்தான் இருந்தது. ரெண்டு திறப்பு. ஒண்டு எங்கட வீட்டில, மற்றது அவனிட்ட. நான் விழுந்தா அந்த இடம் அவனுக்கெல்லோ!"

பத்து வருட நட்பு. ஜெனிஸ்டனின் முகம் செத்துப்போயிற்று.

தக்சாயினிக்கு மனம் பொறுக்கவில்லை. தொழிற்சாலையில் இயந்திரம் திருத்துகிற அவள்தான் குழுவின் துப்பாக்கிகளுக்கும் வைத்தியர். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பேசுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. மிதுஷன் கொண்டுவந்திருந்த பூசை அவலில் ஒரு பிடியை வாயில் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

குண்டின் வேகத்தை அளந்தாள். குறையவில்லை. ஆகவே சுருள்வில்லில் பிழையில்லை. மிஞ்சியது குழாயின் அடியிலுள்ள சின்ன இரப்பர். அது உரசிச் சுழற்றிவிட்டால்தான் குண்டு நேராகப் பறக்கும், வழுக்கினால் விழுந்துவிடும்.

குச்சியில் துணி சுற்றிக் குழாய்க்குள் விட்டாள். வெள்ளைப் பசை வந்தது.

"பாத்தியே? அவன்ர சிலிக்கன் கிறீஸ்!"

"ஜெனிஸ்டன், கடைசியா எப்ப திறந்தனி?"

"புதன்கிழமை. துடைச்சுப்போட்டு வச்சனான்."

"கிறீஸ்?"

"குழாய்க்குள்ள விடுவனே? எனக்கென்ன விசரே?"

பின்னிழுக்கும் பிடியில் மஞ்சளாய் ஒரு புள்ளி. துரு என்றான் மிதுஷன். தக்சாயினி பசையில் கொஞ்சத்தை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு காரடிக்கு நடந்தாள். மற்ற இருவரும் பின்னால் போனார்கள்.

9.35. காருக்குள் மிதுஷனின் அப்பா குணசேகரம் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். துப்பாக்கிக்குப் பயந்து நாட்டைவிட்டு வந்த மனிதர். "அந்தச் சனியனைக் கண்ணாலையும் பாக்கமாட்டன்" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. ஸ்ரேறிங்கின் நடுவில் காய்ந்த சந்தனப் பொட்டு.

தக்சாயினி கையை விரித்தாள். எண்ணெய் வழிந்தது.

"சிலிக்கன் கிறீஸ் கைச்சூட்டுக்கு உருகாது. இது தேங்காயெண்ணெய். வீட்டுச் சூட்டில எண்ணெயா இருந்தது, இந்தக் குளிருக்க உறைஞ்சிட்டுது. பிடியில இருக்கிறது துருவும் இல்லை, சந்தனம். நேற்று ஆயுத பூசை. ஸ்ரேறிங்குக்குப் பொட்டு வச்ச கைதான் இதுக்கும் வச்சிருக்கு. என்ன மாமா?"

குணசேகரம் பேப்பரை மடித்தார்.

"கத்தரிக்கோல், துளைபோடுற மிசின் எல்லாத்துக்கும் எண்ணெய் பூசி வச்சனாங்கள். இதை மட்டும் விடலாமே? பெடியன் வெல்லட்டும் எண்டு குழாய்க்குள்ளயும் ரெண்டு சொட்டு விட்டனான்."

மிதுஷன் ஜெனிஸ்டனிடம் திரும்பினான். "மச்சான், அடி. வாங்கிறன்."

"முதல்ல சுடு. பிறகு அடிக்கிறன்."

தக்சாயினி குழாயைத் துடைத்துப் புது இரப்பர் போட்டாள். 10.06. முதல் குண்டே இலக்கின் நடுவில் பட்டது. இடம் மிதுஷனுக்கே. முதலில் கைதட்டியவன் ஜெனிஸ்டன். இரண்டாவது கைதட்டல் காரடியிலிருந்து கேட்டது.

தக்சாயினிக்கு மனம் நிறைந்துபோயிற்று. பெட்டியை மூடுமுன் பிடியைத் துடைக்கத் துணியை எடுத்தாள். மிதுஷன் அவள் கையைத் தடுத்தான்.

"அந்தப் பொட்டு இருக்கட்டும், தக்சா."